மார்பக அடர்த்தி, ஹார்மோன், புற்றுநோய் அபாயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் மையத்தில், மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் அறையில் நான் வேலை செய்கிறேன். அறிக்கையை வாங்கிக்கொண்டு போகும் பெண்கள் சற்று நேரத்தில் திரும்பி வந்து, வாசலில் நின்றபடி தயங்கித் தயங்கிக் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவையாக இருப்பதால், அவற்றைத் தொகுத்து எழுதிவைப்பது பயன்படும் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை, ஒருவருடைய படத்தையும் உடலையும் நேரில் பார்த்து மருத்துவர் சொல்வதற்கு இவை மாற்று ஆகா.

சிஸ்டர், ரிப்போர்ட்டில மார்பு அடர்த்தியா இருக்குன்னு போட்டிருக்கு. அது என்ன நோய்?

அது நோய் அல்ல. மார்பகத்தில் பால் சுரக்கும் சுரப்பித் திசுவும், அதைத் தாங்கி நிற்கும் நார்த் திசுவும், இடைவெளிகளை நிரப்பும் கொழுப்பும் கலந்து இருக்கின்றன. எக்ஸ்ரே கதிர் கொழுப்பை எளிதாக ஊடுருவிச் செல்வதால் அந்தப் பகுதி படத்தில் கறுப்பாகவும், சுரப்பியும் நாரும் கதிரைத் தடுப்பதால் அவை வெள்ளையாகவும் விழுகின்றன. மொத்தப் பரப்பில் இந்த வெள்ளையின் பங்கு எவ்வளவு என்பதே அடர்த்தி. இளம் வயதில் அது கூடுதலாக இருப்பதும், வயது ஏற ஏற, குறிப்பாக மாதவிலக்கு நின்ற பிறகு, குறைவதும் இயல்பு. ஒல்லியான உடல்வாகு உள்ளவர்களுக்கு முதிய வயதிலும் அது கூடுதலாகவே நிற்பதுண்டு.

ஏசிஆர் சி, பைராட்ஸ் 2 அப்படீன்னு இருக்கு. சி-ன்னா மூணாவது ஸ்டேஜா?

இல்லை. வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்களில் பலர் இந்த ஓர் எழுத்தைப் பார்த்துத்தான் அழுகிறார்கள். அறிக்கையில் இரண்டு அளவுகள் தனித்தனியாக எழுதப்படுகின்றன. ஏசிஆர் என்பதோடு வரும் எழுத்து அடர்த்தியைக் குறிக்கிறது: ஏ என்றால் ஏறத்தாழ முழுவதும் கொழுப்பு, பி என்றால் ஆங்காங்கே சிதறிய சுரப்பித் திசு, சி என்றால் பெரும்பகுதி அடர்த்தி, டி என்றால் மிகமிக அடர்த்தி. அமெரிக்காவில் மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேர் ஏ, 40 சதவீதம் பேர் பி, 40 சதவீதம் பேர் சி, 10 சதவீதம் பேர் டி என்று அங்குள்ள கணக்கு சொல்கிறது. ஆகவே சி என்பது அரிதானதும் அல்ல, விபரீதமானதும் அல்ல.

பைராட்ஸ் என்பதோடு வரும் எண் படத்தில் கண்டதைப் பற்றிய மருத்துவரின் முடிவு. 1 என்றால் ஒன்றும் இல்லை. 2 என்றால் நீர்க்கட்டி, சுண்ணம் படிந்த பழைய நார்க்கட்டி போன்ற தீங்கற்ற ஏதோ ஒன்று இருக்கிறது. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது, ஆனால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 ஆகியவற்றுக்குத் திசுச் சோதனை தேவை. 0 என்றால் படம் போதவில்லை, இன்னொரு சோதனை வேண்டும் என்று பொருள். புற்றுநோயின் நிலையைச் சொல்வது வேறொரு கணக்கு. நோய் உறுதியான பிறகுதான் அது தொடங்கும்.

கையால தொட்டா எனக்கு கல்லு மாதிரி கெட்டியா இருக்கு. அப்ப அடர்த்திதானே?

தொட்டுப் பார்த்து அடர்த்தியைச் சொல்ல முடியாது, மருத்துவராலும் முடியாது. மென்மையாக இருக்கும் மார்பகம் படத்தில் டி ஆக வருவதையும், இறுகி இருப்பது பி ஆக வருவதையும் அன்றாடம் பார்க்கிறோம். எனினும், முன்பு இல்லாத ஒரு கெட்டி புதிதாக, ஒரே இடத்தில் தட்டுப்பட்டால் அது அடர்த்தியைப் பற்றிய கேள்வி அல்ல. அதை உடனே காட்ட வேண்டும்.

அடர்த்தி இருந்தா புற்று வரும்னு சொல்லுதாங்க. இல்ல, இருக்கதை மறைக்கும்னு சொல்லுதாங்க. எது சரி?

இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வெவ்வேறு செய்திகள். மறைப்பதை முதலில் சொல்கிறேன். புற்றுக்கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகவே விழுகிறது. கொழுப்பு மிகுந்த கறுப்புப் பின்னணியில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி எளிதில் கண்ணில் படும். அடர்த்தி மிகுந்த படத்தில் அதே புள்ளியைத் தேடுவது புத்தளம் ஊர் உப்பளத்தில் குவித்த உப்புக்குள் படிகாரத் துண்டைத் தேடுவது போன்றது. கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் பத்துப் புற்றுகளில் எட்டு ஒன்பதைக் காட்டிவிடும் மேமோகிராம், மிக அடர்ந்த மார்பகத்தில் ஏறத்தாழ ஆறைத்தான் காட்டுகிறது.

இனி அபாயம். படத்தில் மறைந்திருந்து பின்னர் வெளிப்பட்டவற்றைக் கழித்துப் பார்த்தாலும், அடர்ந்த திசு உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாகவே வருகிறது. டெட்ராய்ட் நகரத்துக் கதிரியல் மருத்துவர் ஜான் உல்ஃப் 1976-இல் இதை முதலில் எழுதியபோது, இது வெறும் மறைப்பின் விளைவு என்று பலர் ஒதுக்கினார்கள். பிற்கால ஆய்வுகளில், அடர்த்தி மிகமிகக் கூடியவர்களுக்கு, அது ஏறக்குறைய இல்லாதவர்களைக் காட்டிலும் நான்கு மடங்கு அல்லது அதற்கும் மேல் அபாயம் இருப்பதாகத் தெரிந்தது. இந்த நான்கு மடங்கைப் பத்திரிகைகள் எடுத்துப் போடும்போது இரு முனைகளையும் ஒப்பிட்ட எண் அது என்பதை விட்டுவிடுகின்றன. சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் டி உள்ளவருக்கு ஏறத்தாழ இரு மடங்கு. சி உள்ளவருக்கு ஒன்றேகால் மடங்குக்கும் சற்றுக் குறைவு. சி எழுதிய அறிக்கையோடு வருபவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது கணக்கைத்தான்.

பொம்பளைகளுக்க ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?

மார்பகத் திசு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் கட்டளைக்கு வளர்வது. ஒவ்வொரு மாதமும் அவை ஏறும்போது சுரப்பிச் செல்கள் பிரிந்து பெருகுகின்றன, இறங்கும்போது ஒடுங்குகின்றன. ஒரு செல் பிரியும்போதெல்லாம் மரபணுவைப் படியெடுப்பதில் பிழை நேர வாய்ப்புண்டு. ஏற்கனவே பிழைபட்ட செல்லுக்கு ஈஸ்ட்ரோஜன் வளர்ப்பு உரமும் ஆகிவிடுகிறது. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜார்ஜ் பீட்ஸன், முற்றிய மார்பகப் புற்றுள்ள பெண்ணுக்குச் சினைப்பைகளை அகற்றியபோது கட்டி சுருங்கியதை 1896-இல் வெளியிட்டார். ஈஸ்ட்ரோஜன் என்ற பொருளே பிரித்தெடுக்கப்படாத காலம் அது.

ஆகவே ஒருவர் வாழ்நாளில் எத்தனை ஆண்டுகள் இந்த ஏற்ற இறக்கத்தில் இருந்தார் என்பது கணக்கில் வருகிறது. பூப்பு ஓராண்டு முந்தினால் அபாயம் 5 சதவீதம் அளவுக்கும், மாதவிலக்கு நிற்பது ஓராண்டு பிந்தினால் 3 சதவீதம் அளவுக்கும் கூடுகிறது. 30 நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வெளியான கணக்கின்படி, ஒவ்வொரு பேறும் அபாயத்தை 7 சதவீதமும், தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு பன்னிரண்டு மாதமும் 4.3 சதவீதமும் குறைக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்றது நம் கன்னியாகுமரி மாவட்டம். படித்து, வேலைக்குப் போய், முப்பதை ஒட்டி முதல் பிள்ளை பெற்று, ஒன்றோ இரண்டோடு நிறுத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. அது நல்ல மாற்றந்தான். ஆனால் நம் பாட்டிகளுக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு நமக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிள்ளைப்பேறு தரும் பாதுகாப்பு உடனே வருவதில்லை. பேற்றுக்குப் பின் சில ஆண்டுகள் அபாயம் சற்றுக் கூடி, வெகுகாலம் கழித்தே குறையத் தொடங்குகிறது. கைக்குழந்தை உள்ளவருக்கு ஒரு கட்டி தோன்றினால் பால்கட்டு என்று சொல்லி மாதக்கணக்கில் விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

அப்ப ரத்தத்தில ஹார்மோன் டெஸ்ட் எடுத்தா வருமா வராதான்னு தெரிஞ்சிருமே?

தெரியாது. மாதவிலக்கு உள்ள பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் வகையில் முக்கியமான எஸ்ட்ரடையாலின் அளவு ஒரே மாதத்துக்குள் பத்து மடங்கு வரை ஏறி இறங்குகிறது. எந்த நாளில் குத்தி எடுத்தோமோ அந்த நாளின் செய்தி மட்டுமே கிடைக்கும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அளவு மிகக் குறைந்து ஒரே சீராக இருப்பதால் ஆய்வு செய்ய எளிது. அப்படிச் செய்த ஒன்பது ஆய்வுகளை 2002-இல் தொகுத்தபோது, எஸ்ட்ரடையால் மிகுந்த ஐந்திலொரு பங்கினருக்கு, குறைந்த ஐந்திலொரு பங்கினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு அபாயம் தெரிந்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்கும் ஏறக்குறைய அதே போக்கு.

அது பெருங்கூட்டத்தின் சராசரி. ஆயிரக்கணக்கானவர்களை வரிசைப்படுத்தினால் தெரியும் போக்கை வைத்து, ஒரு தனிப் பெண்ணுக்கு ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடியாது. முழு உடல் பரிசோதனைப் பொதிகளில் சேர்த்து விற்கப்படும் ஹார்மோன் பட்டியலும், சிஏ 15-3 என்ற புற்றுக் குறியீட்டுச் சோதனையும் நோயில்லாதவரிடம் நோயைத் தேடுவதற்கானவை அல்ல. அந்தப் பணத்துக்கு ஒரு மேமோகிராம் எடுக்கலாம்.

ஹார்மோன் கூடினா அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினா நோய் வரும். ரெண்டும் ஒண்ணுதானே?

கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஆசிரியரிடம் இதையே கேட்டேன். ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் அடர்த்தி கூடுகிறது, ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் சாப்பிட்டால் குறைகிறது, மாதவிலக்கு நின்றால் குறைகிறது. இவையெல்லாம் உண்மை. ஆனால் மாத்திரை சாப்பிடாத பெண்களின் இரத்தத்தில் ஓடும் ஹார்மோனையும் அவர்கள் படத்தின் அடர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்ற எளிய உறவு தென்படவில்லை.

காரணம் உடல் எடையில் பாதி ஒளிந்திருக்கிறது. மாதவிலக்கு நின்ற பிறகு சினைப்பை ஓய்ந்துவிட, ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும் வேலையைக் கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஏற்றுக்கொள்கிறது. ஆகவே எடை கூடியவருக்கு இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுதல். அதே கொழுப்பு மார்பகத்தையும் நிரப்புவதால் படத்தில் அடர்த்தி குறைவு. மெலிந்தவருக்கு நேர்மாறு. எடையின் விளைவைக் கழித்துக் கணக்கிட்டாலும் உறவு மிகவும் வலுவற்றதாகவே இருக்கிறது. அடர்த்தியில் பெரும்பங்கு நார்த் திசுவும் கொலாஜென் என்ற புரதமும் ஆகும். இவற்றின் அளவை இன்றைய இரத்த ஹார்மோனைவிடப் பரம்பரையும் வளர்ச்சிப் பருவமும் தீர்மானிக்கின்றன. இரட்டையர்களை வைத்து 2002-இல் வெளியான ஆய்வு, ஒரே வயதுப் பெண்களிடையே காணப்படும் அடர்த்தி வேறுபாட்டில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குப் பரம்பரையே காரணம் என்றது.

அமெரிக்கச் செவிலியர்களை நெடுங்காலம் பின்தொடர்ந்த ஆய்வில், மாதவிலக்கு நின்றவர்களின் ஹார்மோனையும் அடர்த்தியையும் ஒருசேரக் கணக்கிட்டு 2007-இல் முடிவு வெளியிட்டார்கள். ஒன்றைக் கணக்கில் சேர்த்ததால் மற்றதன் வலு குறையவில்லை. அதாவது, இவை ஒரே பாதையின் இரண்டு படிகள் அல்ல. தனித்தனியாக அபாயத்தைக் கூட்டும் இரண்டு காரணங்கள். ஹார்மோன் அறிக்கை நன்றாக இருப்பதால் டி என்ற எழுத்தை மறந்துவிடவும் கூடாது, ஏ என்று வந்ததால் மற்றதையெல்லாம் மறந்துவிடவும் கூடாது.

எனக்கு ஏ வந்திருக்கு, எடை 84 கிலோ. தப்பிச்சேன்னு வச்சுக்கலாமா?

உங்கள் படம் தெளிவாகப் படிக்கக்கூடியது. அது நல்ல செய்தி. ஆனால் மாதவிலக்கு நின்றவர் என்றால், மேலே சொன்ன அரோமடேஸ் கணக்கின்படி எடை தனியாக ஒரு காரணம். எடை குறையும்போது படத்தில் அடர்த்தியின் சதவீதம் கூடியதுபோலத் தோன்றலாம். கொழுப்பு வற்றுவதால் அப்படி ஆகிறது. அதற்குப் பயந்து எடை குறைப்பதை நிறுத்த வேண்டாம்.

மாதவிலக்கு நின்ன பிறகு உடம்பு எரியுது, தூக்கம் இல்ல. டாக்டர் ஹார்மோன் மாத்திரை தந்தாரு. சாப்பிடலாமா?

அமெரிக்காவில் நடந்த பெண்கள் நல முன்னெடுப்பு என்ற பெரிய ஆய்வு 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டதிலிருந்து இந்த மாத்திரைக்குக் கெட்ட பெயர். ஈஸ்ட்ரோஜனும், புரோஜெஸ்டிரோனைப் போலச் செயல்படும் புரோஜெஸ்டின் வகையும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில், பத்தாயிரம் பேருக்கு ஓராண்டில் 38 பேருக்கு மார்பகப் புற்று வந்தது. சாப்பிடாதவர்களில் 30 பேருக்கு. கர்ப்பப்பை அகற்றியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் அப்படிக் கூடவில்லை. உலக ஆய்வுகளைச் சேர்த்து 2019-இல் வந்த தொகுப்போ, ஐம்பது வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் சாப்பிட்டால், தினமும் எடுக்கும் கலப்பு மாத்திரையில் ஐம்பது பேருக்கு ஒருவரும், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுப்பவர்களில் இருநூறு பேருக்கு ஒருவரும் கூடுதலாக நோயுறுவார்கள் என்று மதிப்பிட்டது. எந்த ஆய்வாக இருந்தாலும் கலப்பு மாத்திரைக்கே சுமை கூடுதல். அடர்த்தியை அதிகம் ஏற்றுவதும் அதுவே.

தூங்க முடியாமல் வேலைக்கும் போக முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு இந்த மாத்திரை நியாயமான தெரிவாக இருக்கலாம். ஏற்கனவே மார்பகப் புற்று வந்தவருக்குப் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். மேமோகிராமுக்கு வரும்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள். அடர்த்தி ஏறியிருந்தால் காரணம் தெரியும்.

மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டணும்னு மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டேன். அதனால வருமா?

மண்டைக்காடு பகவதி கோயிலின் மாசிக் கொடை நாட்களை ஒட்டி இந்தக் கேள்வி கூடுதலாக வரும். நீங்கள் சாப்பிட்டது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன், புரோஜெஸ்டின் வகை. ஆண்டுக்கு ஒருமுறை சில நாட்கள் சாப்பிட்டதால் மார்பகப் புற்று கூடியதாகக் காட்டும் சான்று இல்லை. ஆனால் மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்குவது சரியல்ல. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்தவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், மார்பகப் புற்றுக்கு மருத்துவம் பெற்றவர்கள் இதைத் தொடவே கூடாது.

கருத்தடை மாத்திரைக்கு ஆண்டுக்கணக்கில் எடுப்பதால் கணக்கு சற்று வேறு. எடுக்கும் காலத்தில் அபாயம் 20 முதல் 24 சதவீதம் வரை கூடி, நிறுத்திப் பத்தாண்டுகளில் மறைந்துவிடுகிறது. இளம் வயதில் நோய் அரிது என்பதால் இந்தக் கூடுதல் மிகச் சிறிய எண்ணிக்கையே. சினைப்பைப் புற்றையும் கர்ப்பப்பை உள்வரிப் புற்றையும் அதே மாத்திரை குறைக்கிறது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாயா என்ற பெயரில் தரப்படும் வார மாத்திரை இந்த வகையே அல்ல. அதில் ஹார்மோன் இல்லை.

பிள்ளைக்காக லெட்ரோசோல் தந்தாங்க. போன்ல பார்த்தா புற்றுநோய் மாத்திரைன்னு இருக்கு. எனக்கிட்ட மறைக்காங்களா?

மறைக்கவில்லை. முன்னே சொன்ன அரோமடேஸை லெட்ரோசோல் தடுக்கிறது. மாதவிலக்கு நின்ற புற்றுநோயாளிக்கு ஆண்டுக்கணக்கில் கொடுத்து ஈஸ்ட்ரோஜனை வற்றவைக்கிறார்கள். பிள்ளைப்பேற்றுக்கு மாதவிலக்கின் தொடக்கத்தில் ஐந்து நாள் மட்டும் கொடுக்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் சிறிது தாழ்ந்ததும் மூளை விழித்துக்கொண்டு சினைப்பையைத் தூண்டுகிறது, முட்டை முதிர்கிறது. இந்தப் பயன்பாட்டை இந்திய அரசு 2011-இல் தடைசெய்து 2017-இல் தடையை நீக்கியது. பழைய செய்திகள் இன்னும் போனில் சுற்றுவதால் வரும் குழப்பம் இது.

கர்ப்பப்பை எடுத்தாச்சு. இனி மார்பில வராதுதானே?

கர்ப்பப்பை ஹார்மோன் சுரக்கும் உறுப்பு அல்ல. அதை மட்டும் எடுத்திருந்தால் மார்பகத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இல்லை. மாதவிலக்கு இயல்பாக நிற்கும் முன்பே இரு சினைப்பைகளையும் எடுத்திருந்தால் அபாயம் குறையும். ஆனால் அதற்கு விலையாக எலும்புத் தேய்வும் இதயநோயும் முந்திவரலாம் என்பதால், காரணம் இல்லாமல் அதைச் செய்ய மாட்டார்கள். எது எடுக்கப்பட்டது என்று தெரியாமலே பலர் வருகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள், அதில் இருக்கும்.

பிராய்லர் கோழியில ஹார்மோன் ஊசி போடுதாங்களாமே? சோயா தின்னக் கூடாதாமே?

பிராய்லர் கோழி விரைவாக வளர்வதற்குக் காரணம் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனமும் தீவனமும். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு நாள்தோறும் ஊசி போடுவது செலவிலும் கட்டாது, பலனும் தராது. சிறுமிகள் முன்கூட்டியே பூப்பெய்துவதற்கு ஊட்டமும் எடையும் முக்கியக் காரணங்கள். சோயாவிலுள்ள பொருள் ஈஸ்ட்ரோஜனை ஓரளவு ஒத்தது என்பது உண்மை. ஆனால் உணவாகச் சாப்பிடும் ஆசியப் பெண்களிடம் தீங்கு காணப்படவில்லை. உளுந்தங்களிக்கும் பயப்பட வேண்டாம். மதுவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. தினம் ஒரு சிறு கோப்பை அளவுகூட அபாயத்தை 7 முதல் 10 சதவீதம் கூட்டுகிறது. உள்ளாடை இறுக்கம், கருக்கலைப்பு ஆகியவற்றுக்குத் தொடர்பு இல்லை.

எங்க வீடு மணவாளக்குறிச்சி. மண்ணிலேயே கதிர்வீச்சு. இதில மேமோகிராம் வேற எடுக்கணுமா?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிரியக்கக் கனிமம் இருப்பதால் இயற்கைக் கதிர்வீச்சு அங்கே கூடுதல் என்பது மெய். இதே வகை மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் நெடுங்காலம் மக்களைப் பின்தொடர்ந்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. ஒரு மேமோகிராமில் கிடைப்பது ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகில் சராசரி மனிதர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறுவது 2.4. அதாவது இரண்டு மாத அளவு. எடுக்க வேண்டிய வயதில் எடுப்பதற்கு இது தடையல்ல.

அடர்த்தியைக் குறைக்க மருந்து இருக்கா?

டமாக்ஸிஃபென் குறைக்கிறது. அபாயம் மிகுந்த பெண்களிடம் செய்த பன்னாட்டு ஆய்வின் 2011 முடிவின்படி, அந்த மாத்திரையால் அடர்த்தி 10 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் இறங்கியவர்களுக்கு அபாயம் 63 சதவீதம் குறைந்தது; இறங்காதவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இரத்தம் உறைதல், கர்ப்பப்பை உள்வரிப் புற்று ஆகிய பக்கவிளைவுகள் இருப்பதால், சி என்ற எழுத்துக்காக மட்டும் இதைக் கொடுப்பதில்லை. அடர்த்தியைக் குறைப்பதாக விற்கும் கஷாயத்துக்கும் வைட்டமின் ஈ மாத்திரைக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, சி அல்லது டி வந்தா அடுத்து என்ன செய்யணும்?

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல், மேமோகிராம் எடுத்த ஒவ்வொருவருக்கும் அடர்த்தியை எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். நம் நாட்டில் அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும் எழுத்து அறிக்கையில் பெரும்பாலும் இருக்கும். சி என்றால், வேறு அபாயக் காரணம் இல்லாதவருக்கு, மருத்துவர் நேரில் பரிசோதிப்பதும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன் சேர்த்துக்கொள்வதும் போதும் என்பதே இங்குள்ள நடைமுறை. அல்ட்ராசவுண்டு ஆயிரம் பேரில் இரண்டு முதல் நான்கு புற்றுகளைக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறது. வீண் பயம் தரும் கட்டிகளையும் அதைவிடப் பல மடங்கு காட்டுகிறது.

டி உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐ சேர்ப்பதைப் பற்றி நெதர்லாந்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்த சோதனையின் முடிவு 2019-இல் வந்தது. இரண்டு மேமோகிராம்களுக்கு இடைப்பட்ட காலத்தில் தானாக வெளிப்படும் புற்று ஆயிரத்துக்கு 5.0 என்பது 2.5 ஆகக் குறைந்தது. ஆயிரத்துக்கு ஏறத்தாழ 80 பேர் இல்லாத நோய்க்காக மேற்கொண்டு அலையவும் நேர்ந்தது. நம் ஊரில் எம்ஆர்ஐ கட்டணத்தை எண்ணிப் பார்த்தால், டி-யோடு குடும்ப வரலாறும் சேர்ந்தவர்களுக்கே அதைப் பரிந்துரைப்பது நியாயமாகப் படுகிறது.

மேமோகிராமே எட்டாதவர்கள் வழியில்லை என்று விட்டுவிட வேண்டாம். மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை கையால் பரிசோதித்ததே, ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் மார்பகப் புற்றுச் சாவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்தது.  2023-இல் தமிழக அரசு புற்றுநோய்க் கண்டறிதல் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கிய நான்கு மாவட்டங்களில் கன்னியாகுமரியும் ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள்.

எனக்க அம்மைக்கும் மாமிக்கும் வந்தது. எனக்க மொவளுக்கு 24 வயசு. இப்பவே மேமோகிராம் எடுக்கட்டுமா?

வேண்டாம். அந்த வயதில் திசு பெரும்பாலும் அடர்ந்தே இருப்பதால் படத்தில் ஒன்றும் விளங்காது. மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம் ஒற்றை மரபணுக் கோளாறால் வருகிறது. பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2 ஆகியவை முக்கியமானவை. இவை அப்பா வழியிலும் வரும், பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோய் வந்தவர் உயிரோடு இருந்தால் சோதனையை அவரிடமிருந்தே தொடங்க வேண்டும். அவருக்கு எந்த வயதில் வந்தது, கட்டி ஹார்மோன் வந்து பற்றும் ஏற்பி உள்ளதா அற்றதா என்ற திசு அறிக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற இடத்தில் மரபியல் ஆலோசனை கேளுங்கள். மகளுக்குக் கோளாறு உறுதியானால் 25 வயதை ஒட்டி எம்ஆர்ஐ மூலம் கண்காணிப்பார்கள்.

வைத்தியர் எண்ணெய் தந்து தடவச் சொன்னாரு. கட்டி கரையுதா பார்த்துட்டு வரலாமா?

வைத்தியரின் மேல் எனக்குப் பகை இல்லை. மூட்டுக்கும் சுளுக்குக்கும் நம் ஊரில் அவர்களிடம் போகாதவர் யார்? ஆனால் கட்டி என்னவென்று தெரியாமல் தடவிக் காத்திருப்பது வேறு. மாதவிலக்கோடு வந்து போகும் வீக்கம் எண்ணெய் இல்லாமலும் வடியும். அடுத்த மாதவிலக்குக்குப் பிறகும் நிற்கும் கட்டி, உள்ளிழுத்த காம்பு, இரத்தம் கலந்த கசிவு, ஆரஞ்சுத் தோல்போல் குழிந்த சருமம், அக்குள் கட்டி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், போன மாதம்தான் பைராட்ஸ் 1 வந்தது என்றாலும், உடனே வர வேண்டும். மறைப்பதைப் பற்றி மேலே சொன்னது இந்த இடத்துக்காகத்தான்: அடர்ந்த மார்பகத்தில் நல்ல அறிக்கை, கையில் தட்டுப்படும் கட்டியைப் பொய்யாக்கிவிடாது. ஊசியால் எடுக்கும் திசுச் சோதனையால் நோய் பரவும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம்.

திருவனந்தபுரத்தில எடுத்தப்ப சி. இங்க எடுத்தா பி. யாரு சொல்லது சரி?

இருவரும் சரியாகவே இருக்கலாம். பி-க்கும் சி-க்கும் இடைப்பட்ட எல்லையைக் கண்ணால்தான் பெரும்பாலும் மதிப்பிடுகிறார்கள். ஒரே படத்தை இரண்டு மருத்துவர்கள் பார்த்தால் எழுத்து மாறுவது உலகெங்கும் உள்ளது. இயந்திரம், அழுத்திய அளவு, மாதவிலக்குச் சுழற்சியின் நாள், இடையில் கூடிக் குறைந்த எடை, தொடங்கிய அல்லது நிறுத்திய மாத்திரை ஆகியவையும் மாற்றும். மாதவிலக்கு உள்ளவர்கள் அது தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் வந்தால் வலியும் குறைவு, படமும் தெளிவு.

எழுத்தைவிட முக்கியமானது, சென்ற முறை இல்லாத ஒன்று இந்த முறை இருக்கிறதா என்பது. அதைப் பார்ப்பதற்குப் பழைய படம் வேண்டும், பழைய அறிக்கைத் தாள் போதாது. ஃபிலிமையும் சிடியையும் அலமாரியில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வருபவர்களே அதிகம். அடுத்த முறை எந்த ஊரில் எடுத்தாலும் அவற்றைக் கையோடு கொண்டுபோய், படம் பார்க்கும் மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள்.